கொட்டகைக்காரன் படம் எடுத்த கதை

"சொந்தமாகத் தியேட்டர் வைத்திருக்கிறோம், ஒரு படம் எடுத்தால் என்ன?" என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் பண்ணுகிறார். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் ஒரே ஒரு படம் எடுத்தவன், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் தியேட்டர் டிடி ஏரியாவில் இருக்கிறது, அதாவது திருச்சி தஞ்சாவூர். சினிமாக்காரர்களுக்குத் தமிழ்நாடு மாவட்டங்களாகத் தெரியாது, ஏரியாக்களாகத்தான் தெரியும். அப்பா டூரிங் டாக்கீஸாக ஆரம்பித்து, அப்புறம் நிரந்தரக் கட்டடமாக்கியது. நான் 1998இல் கல்லாவில் உட்கார்ந்தேன். ஃபிலிம் சுருள் பெட்டியில் வரும் காலம், பெட்டி நின்று டிஜிட்டல் வந்த காலம், இரண்டையும் பார்த்தாயிற்று. தியேட்டர் நடத்துவதற்கான சி ஃபார்ம் லைசென்ஸ் புதுப்பிக்க மின் ஆய்வாளர், தீயணைப்பு, பொதுப்பணித்துறை, சுகாதாரம் என்று ஒவ்வொரு சான்றிதழாக வாங்கி ஆட்சியர் அலுவலகத்தில் கட்டிக்கொடுக்கும் வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவ்வளவு தெரிந்தவனுக்குப் படம் எடுப்பது என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நினைக்க வைத்தது கொரோனா. 2020 மார்ச் 17ஆம் தேதி மூடிய தியேட்டரை நவம்பர் 10ஆம் தேதிதான் திறந்தோம், அதுவும் பாதி சீட்டுக்கு மட்டும். திறந்தால் போடப் படம் இல்லை. பெரிய படங்கள் காத்திருந்தன, சின்னப் படங்கள் ஓடிடிக்குப் போய்விட்டன. ஏற்கெனவே ஓடின படத்தையே திரும்பப் போட்டு, எண்ணி ஏழு பேரை வைத்து ஷோ நடத்தினேன். அப்போதுதான் சாமிக்கண்ணு வின்சென்ட் நினைவு வந்தது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக டென்ட் போட்டார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். 1933இல் கல்கத்தா கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுத்தார், அது ஓடு ஓடு என்று ஓடியது. அவரும் இத்தனை வருஷம் படத்தைக் காட்டிவிட்டுத்தானே எடுத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கும் சொன்னேன். மனைவி மட்டும் நம்பவில்லை.

பட்ஜெட் 80 லட்சம். 45 லட்சம் என் கையிலிருந்து போட்டேன், 35 லட்சம் ஃபைனான்ஸ். இரண்டு வட்டி, மாதம் 70,000 ரூபாய். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று டைரக்டர் சொன்னார், நானும் நம்பினேன். 14 மாதம் ஆனது, வட்டி மட்டும் 9 லட்சத்து 80 ஆயிரம். ஷூட்டிங் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. எல்லாத் தயாரிப்பாளரும் சொல்லும் அதே கதைதான், மழை, நடிகர் தேதி, சாப்பாட்டுக் கணக்கு. நான் செட்டில் இருந்தது மொத்தம் ஒன்பது நாள், மற்ற நாளெல்லாம் பணம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு தப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். கதையில் ஒரு ஆட்டுக்கிடை வரும். ஆடுதானே, கிராமத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே என்று நேராகப் போய் எடுத்துவிட்டோம். படத்தில் விலங்கு வந்தால் ஷூட்டிங்குக்கு முன்பே விலங்கு நல வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டும், அவர்களுடைய சான்று இல்லாமல் சென்சாரில் அந்தக் காட்சி தேறாது. முன்பு அந்த அலுவலகம் திருவான்மியூரிலேயே இருந்தது, 2018இல் ஹரியானா பல்லப்கருக்குப் போய்விட்டது. முன்கூட்டி வாங்காததை அப்புறம் எங்கே போய் வாங்குவது? கிடை போட்டிருக்கும் காட்சி நாலு நிமிஷம், படத்திலேயே எனக்குப் பிடித்த இடம், வெட்டி எறிந்தோம். சென்சாருக்கு விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில்தான். படம் போட்டுக் காட்டிய அன்று சென்சார் அலுவலகம் இருக்கும் சாஸ்திரி பவன் போய்க் காத்திருந்தேன், இரண்டு வசனத்தை மியூட் பண்ணச் சொல்லி யு/ஏ கொடுத்தார்கள். அது சுலபமாகவே முடிந்தது.

அடுத்தது ரிலீஸ். இங்கேதான் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்த இடத்தில் ஒன்றுமே தெரியாமல் நின்றேன்.

விபிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள், டிஜிட்டலில் படம் போடுவதற்குத் தியேட்டர் வாரியாகக் கட்டும் பணம். 2018 மார்ச் 1ஆம் தேதி தொடங்கி ஏறக்குறைய ஏழு வாரம் புதுப்படமே வராமல் தயாரிப்பாளர்கள் நிறுத்தினார்களே, அது இந்தப் பணத்துக்காகத்தான். அன்றைக்கு நான் டீக்கடை வரை வந்து வாதாடினேன், படம் அவர்களுடையது, அவர்கள்தான் கட்ட வேண்டும் என்று. 52 தியேட்டருக்கு என் பேரில் பில் வந்தபோது அந்த வாதம் ஒவ்வொரு வரியாக நினைவு வந்தது.

அப்புறம் ஷேர். என் தியேட்டரில் டிக்கெட் 80 ரூபாய். அதன் மேல் அன்றைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம், உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம், ஆக ஜனங்கள் கொடுத்தது 96. வரி 16 ரூபாய் போய்விடும். மிச்சம் 80இல் முதல் வாரம் 60 சதவீதம் படத்துக்கு என்று பேச்சு, 48 ரூபாய். அதில் விநியோகஸ்தர் கமிஷன் 10 சதவீதம், மிச்சம் 43 ரூபாய் 20 காசு. அதிலிருந்து போஸ்டர், விளம்பரம் என்று அவர் முன்பணமாகச் செலவழித்ததைக் கழித்துவிட்டுத்தான் என் கைக்கு வரும். இத்தனை வருஷம் இந்தக் கணக்கை மேலிருந்து 32 ரூபாய் வரைதான் போட்டிருக்கிறேன், அது தியேட்டருக்கு வருவது. கீழே என்ன ஆகிறது என்று எனக்கென்ன கவலை?

இப்போது லேப் லெட்டர். புதிதாக வருபவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும், "ஃபைனான்சியர் சொல்லாமல் பிரிண்ட் கொடுக்க மாட்டோம்" என்று லேப் ஒரு கடிதம் கொடுக்கும். லேபெல்லாம் மூடியாயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது, இப்போது டிஜிட்டல் நிறுவனம் அதே கடிதத்தைக் கொடுக்கிறது. படம் தியேட்டர் சர்வரில் ஏறி உட்கார்ந்திருக்கும், ஆனால் கேடிஎம் என்கிற சாவி வராமல் திறக்காது. எந்தத் தியேட்டர், எந்தத் தேதியிலிருந்து எது வரை என்று எழுதப்பட்ட சாவி அது. கடன் முழுதாக அடைந்து, ஃபைனான்சியர் சரி சொன்னால்தான் சாவி கிளம்பும்.

எத்தனை வெள்ளிக்கிழமை நான் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, வெளியே ரசிகர்கள் கத்தக் கத்த, "கேடிஎம் வரல தம்பி, பத்து நிமிஷம்" என்று சொல்லியிருக்கிறேன், அந்தத் தயாரிப்பாளரை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! என் படம் ரிலீஸுக்கு முந்தின வியாழன் இரவு 10 மணிக்கு சென்னையில் ஒரு ஆபீஸில் நான் உட்கார்ந்திருந்தேன். கடனும் வட்டியும் சேர்த்து 44 லட்சத்து 80 ஆயிரம், என்னிடம் இருந்தது 33. ஓடிடிக்காரர்கள் தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றுவிட்டார்கள். பஞ்சாயத்து நடந்தது, யாரும் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அதிகம் பயமாக இருந்தது. கும்பகோணம் பக்கத்துத் தியேட்டர்கார நண்பர் ஒருவர் நடுராத்திரியில் 5 லட்சம் அனுப்பினார். மிச்சத்துக்கு டிடி ஏரியா வசூல் அப்படியே ஃபைனான்சியருக்குப் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது மணி 3:40. சாவி கிளம்பி என் தியேட்டருக்கு வந்தது காலை 10:50க்கு, 11 மணிக் காட்சிக்கு. கேட்டுக்கு வெளியே யாரும் கத்தவில்லை, கத்துவதற்கு ஆள் இல்லை.

சனி, ஞாயிறு சுமார். திங்கட்கிழமை தியேட்டர்காரர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. எல்லாரும் எனக்குப் பல வருஷப் பழக்கம். "அண்ணே, ஈவ்னிங் ஷோவை மாத்திக்கிறேன், உங்களுக்குத் தெரியாததா?" என்றார்கள். இந்த வாக்கியத்தை நான் எத்தனை சின்னப் படக்காரர்களிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் தூக்கம் போய்விடும். உண்மையில் அவர்கள் சொல்வது நியாயம்தான், 11 பேருக்கு ஏசி போட்டால் 880 ரூபாய் வசூல் கரண்ட்டுக்கே பத்தாது. ஆனால் அந்தப் படம் என்னுடையது.

புதன்கிழமை எங்கள் மேனேஜர் வந்தார். 20 வருஷமாக இருப்பவர். வெள்ளிக்கிழமை வரப்போகும் பெரிய படத்தின் கன்ஃபர்மேஷன் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். நாலு ஷோவும் கொடுத்தால்தான் படம், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டருக்குப் போய்விடும். காலைக் காட்சி மட்டுமாவது நம் படத்துக்கு விடலாமா என்று கேட்டேன். "முதலாளி, வேற யாராவது இப்படிக் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்றார். கன்ஃபர்ம் பண்ணச் சொல்லிவிட்டேன்.

வியாழன் இரவு கடைசி ஷோவுக்கு ஒன்பது பேர். பால்கனியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன், ஆட்டுக்கிடை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெட்டு கொஞ்சம் துள்ளியது. கீழே வந்து தியேட்டர் உரிமையாளர் என்ற இடத்தில் டிசிஆரில், அதாவது தினசரி வசூல் கணக்குத் தாளில், கையெழுத்துப் போட்டு விநியோகஸ்தருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, ஷேர் பிரித்து, கமிஷன் கழித்து, ஃபைனான்சியர் பெயருக்கு மாற்றப்பட்டது என்ற குறிப்போடு, அதே கணக்கு தயாரிப்பாளர் பார்வைக்கு என்று எனக்கே தபாலில் வந்தது.