தகரக் கூரையும் ரத்த அணுவும்

யாங்கோனில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழைக்காலத்தில் நாலு நாள் மூடிக்கிடந்த வானம் வெளுத்துச் சுள்ளென்று வெயில் விழுந்தால் போதும், தலைக்கு மேலே படக் படக்கென்று சத்தம் கேட்கும். சூட்டில் தகரம் விரிகிற சத்தம். ஒளி பட்டுச் சூடாகி விரிகிற எதுவும் ஒலி எழுப்பும் என்பதை வைத்து, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் ரத்த அணுவையே படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒளியொலி நுண்ணோக்கி என்று இதைச் சொல்லலாம். விட்டுவிட்டு விழும் ஒளி பட்டால் பொருள்கள் ஒலிக்கும் என்பதை 1880-லேயே கிரகாம் பெல் கண்டுபிடித்துவிட்டார். இப்போது சூரியனுக்குப் பதில் லேசர். ஒரு துடிப்பு, நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் நீடிக்கும். அணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறமி அந்த ஒளியை உறிஞ்சி, சற்றே சூடாகி, விரிந்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். தோலுக்கு மேலே வைத்த உணரி அதைக் கேட்கும். இப்படிப் புள்ளி புள்ளியாக நகர்த்திக் கேட்டதெல்லாம் சேர்ந்துதான் படம். சாயம் வேண்டாம், ரத்தத்தின் சொந்த நிறமே போதும். இரண்டு நிற ஒளியில் கேட்டால், எந்த நாளத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றுகூடச் சொல்லிவிடலாம்.

லிஹோங் வாங் என்ற ஆய்வாளரின் குழு 2008-இல் 5 மைக்ரோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு) நுணுக்கத்தை எட்டியது. சிவப்பணுவின் அகலமே 7, 8 மைக்ரோமீட்டர்தான். ஆனால் தோலுக்குக் கீழே பார்க்க முடிகிற ஆழம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே ஒளி சிதறிவிடும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது மலேரியா. ஒட்டுண்ணி அணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்று, ஹீமோசோயின் என்ற பழுப்புப் படிகத்தை விட்டுவைக்கும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை நல்ல அணுவைவிட இது அதிகம் உறிஞ்சுவதால் சத்தமும் உரக்க வரும். அமெரிக்காவில் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜாரோவ் குழு இதே வழியில் செய்த கருவியைக் கேமரூனில் நோயாளிகளின் தோல்மேலேயே வைத்துச் சோதித்திருக்கிறது.

அப்பா இளவயதில் டாங்கூ பக்கம் காட்டில் மரவேலை பார்த்தவர், மூன்று தடவை மலேரியா வந்து பிழைத்தவர். ஒவ்வொரு தடவையும் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி, முடிவு வரும்வரை குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தாராம். நேற்று ராத்திரி இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குத்தவே மாட்டாங்களாம்மா?" என்றார்.

"மாட்டாங்கப்பா."

"அந்த மெஷினு கரண்டு இல்லாத ஊர்லயும் ஓடணும்மா. காய்ச்சல் அங்கதானே வருது."