சாயங்காலம் தாழும் இமை

தேவகோட்டையில் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கு இடது இமை இறங்கியபோது, வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம், உள்ளூரில் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் காலையில் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது நன்றாக இருக்கிற கண், விளக்கு வைக்கும் நேரத்தில் பாதி மூடிக் கிடக்கும். இதை யாரிடமும் சொல்லவே இல்லை.

மதுரையில் கண் டாக்டர் முதலில் கேட்டதே அதுதான்: எந்த நேரத்தில் அதிகம்? அப்புறம் பழைய போட்டோ கேட்டார். வளவு முழுக்கப் படம் மாட்டிய வீட்டில் அதற்கா பஞ்சம்! சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாணம்) படத்தில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தன.

டார்ச் அடித்துக் கண்மணிகள் ஒரே அளவா என்று பார்த்தார். மேலே பார்த்தபடியே இருக்கச் சொன்னார், இமை மெல்ல மெல்லச் சரிந்தது. பிறகு மூடிய இமை மேல் 2 நிமிடம் ஐஸ். எடுத்ததும் கண் திறந்துகொண்டது! 2 மில்லிமீட்டர் உயர்ந்தாலே மயஸ்தீனியா கிராவிஸ் என்ற சந்தேகம் வலுக்குமாம். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருட்களே தடுக்கிற நோய் அது, குளிரில் அந்தத் தடை கொஞ்சம் தளரும். இந்த நோய் உள்ள சிலருக்கு நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்குமாம், அதைப் பார்க்க நெஞ்சில் சிடி ஸ்கேனும் எடுத்தார்கள்.

ஒன்று மட்டும்: இமை திடீரென இறங்கி, கண்மணியும் விரிந்து, தலைவலியும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மூளையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம்.