கல்குவாரிக் கருத்துக்கேட்பில் கடைசி அரை மணி நேரம்

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஏற்கெனவே மூன்று கல்குவாரிகள். வெடி வைத்தால் அடுக்களையில் பாத்திரம் குலுங்கும். நான்காவதற்கு விண்ணப்பம் போயிருக்கும் செய்தியை, கடலைப் பொட்டலம் மடித்திருந்த நாளிதழ்த் தாளில்தான் பார்த்தேன். கருத்துக்கேட்புக் கூட்டத்திற்குப் பதினெட்டு நாள் மிச்சம்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 30 நாள் முன்பே விளம்பரம் தரச் சொல்கிறது, தந்திருந்தார்கள். குவாரியால் என்னென்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிடும் வரைவு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கவும் சொல்கிறது. வைத்த இடத்திற்குப் போய்க் கேட்டால், “அப்படி ஒன்றும் வரவில்லையே” என்றார்கள். மறுநாள் மறுபடியும் போனேன். பீரோவுக்கு மேல், உடைந்த மின்விசிறிக்குப் பின்னால் இருந்தது.

ஆங்கிலத்தில் தடிமனான புத்தகம், தமிழில் பதினான்கு பக்கச் சுருக்கம். சுருக்கத்தில் எங்கள் ஊர் ‘கடலோர மணற்பாங்கான நிலம்’. கடலைப் பார்க்க நாங்கள் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும்! வேறு எந்த ஊர் அறிக்கையோ. சிரித்துக்கொண்டே புரட்டினேன்; அடுத்த பக்கத்தில் ‘அருகிலுள்ள குடியிருப்பு 410 மீட்டர்’. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன் 36-ஆம் விதிப்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது. அந்த 410 எதற்காக எழுதப்பட்டது என்று புரிந்துவிட்டது.

நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகலை வைத்துக்கொண்டு சித்தப்பாவும் நானும் குவாரி கேட்ட நிலத்தின் எல்லைக்கல்லைத் தேடினோம். சீமைக்கருவேல முள்ளுக்குள் சாய்ந்து கிடந்தது. கொத்தனாரிடம் கடன் வாங்கிய 30 மீட்டர் நாடாவை ஒன்பது முறை முழுதாக இழுத்தோம். பத்தாவது முறை பாதிகூடப் போகவில்லை, அத்தை வீட்டுத் திண்ணை வந்துவிட்டது. 283.

கூட்டத்தில் பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள்: தூசி, வறண்ட கிணறு, பள்ளிக்கூட நேரத்தில் பறக்கும் டிப்பர் லாரிகள். வேனில் வந்து இறங்கிய சிலர் வேலைவாய்ப்பு என்றார்கள். கைதட்டல், கூச்சல், மைக் பிடுங்கல். என் முறை வந்தபோது 283 மீட்டரைச் சொல்லி, வரைபடத்தோடு மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் பந்தல் பாதி காலி. ஆனால் முடிவில் மக்கள் சொன்னதைத் தொகுத்து, வந்திருப்பவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். வாசித்தார்கள்: தூசி, சாலை, வேலைவாய்ப்பு. 283 இல்லை.

எழுந்தேன். “மனு கொடுத்துவிட்டீர்களே, அது போதும்” என்றார் மேடையில் இருந்தவர்.

“நீங்கள் கையெழுத்துப் போடப்போவது இப்போது வாசித்ததில்தானே, ஐயா?”

வீடியோக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பினார். அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். மேடையில் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு தட்டச்சுத் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதினார்கள்: ‘குடியிருப்பு 283 மீட்டரில் உள்ளதாக மனுதாரர் தெரிவிக்கிறார்.’ அதையும் உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள்.

பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தத் தாளின் நகலை வாங்கினேன். பேனா எழுத்து அப்படியே இருந்தது. பங்குனியில் நில அளவையர் சங்கிலியோடு வந்தார். அத்தை மோர் கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து அவர் குறித்துக்கொண்டது 281. கோப்பு இப்போது சென்னையில் இருக்கிறது.