சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ: ஸ்பிரிங்கைத் தொடாமலே மூக்கை அடக்கியது

முன் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷை (ஆர்மையும் வண்டியையும் சேர்க்கும் ரப்பர் உருளை) மாற்றியாச்சு. சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்டும் முடிந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவிலும் இப்போது ஸ்டீயரிங்கை ஒரு தடவை திருப்பினால் போதும், நடுவில் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பிரிங் இன்னும் கம்பெனி ஸ்பிரிங்தான். "முதலில் லோயரிங் ஸ்பிரிங் போடு" என்று, வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்கைச் சிபாரிசு செய்த எல்லோருக்கும் இந்தப் பதிவு.

வண்டி ஸ்கோடாவின் இரண்டாம் தலைமுறை சூப்பர்ப். ஒன்றரை டன்னுக்குப் பக்கத்தில் எடை, 2,761 மி.மீ. வீல்பேஸ், 1,500 ஆர்பிஎம்மிலேயே கைக்கு வந்துவிடும் 250 நியூட்டன் மீட்டர் டார்க். அத்தனையும் முன் சக்கரத்துக்கே போகிறது. வளைவு முடியும் இடத்தில் இரண்டாம் கியரில் டர்போ எழும்போது சக்கரம் ஆர்மை முன்னால் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் பின்னால் தள்ளுகிறது. இந்த இழுப்பையும் தள்ளலையும் தாங்குவது பின் புஷ். கம்பெனி புஷ்ஷில் சொகுசுக்காக ரப்பருக்குள் இரண்டு பெரிய இடைவெளி விட்டிருக்கிறார்கள். ரப்பர் தளர்ந்ததும் சக்கரம் முன்னும் பின்னும் நகர ஆரம்பிக்கும், அதோடு டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். நாம் அலைன்மென்ட் மெஷினில் வைத்த அளவு ரோட்டில் இருப்பதில்லை. டயர், ஷாக் எல்லாம் புதிதாகப் போட்டும் "என்னமோ மிதக்குது" என்று புலம்புகிறவர்கள் முதலில் ஒரு ப்ரை பாரை (நெம்புகம்பி) விட்டு இந்த இடத்தை அசைத்துப் பாருங்கள்.

ஆடி டிடி-ஆர்எஸ் காரில் வரும், இடைவெளி இல்லாத முழு ரப்பர் புஷ்தான் என் தேர்வு. பாலியூரித்தேன் இன்னும் இறுக்கம்தான். ஆனால் நம் ஊர்ப் புழுதியில் கிரீஸ் காய்ந்ததும் கிறீச்சென்று கத்தும், குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அது சரிவராது. ஆர்டர் போடும் முன் ஆர்மில் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்து வண்டிகளில் இரும்பு ஆர்மும் உண்டு, அலுமினிய ஆர்மும் உண்டு. புஷ் எண்ணைச் சொல்வதற்கு முன் வெர்னியரில் ஆர்மின் கண் (புஷ் உட்காரும் துளை) விட்டத்தை அளந்துகொள்வது இன்னும் நல்லது. பெட்டியைத் திறந்ததும் கம்பெனி முத்திரை சுரண்டப்பட்டிருக்கிறதே, டூப்ளிகேட்டா என்று பதற வேண்டாம். கார் கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள் வெளிச்சந்தைக்கு விற்கும்போது அந்த லோகோவை அரைத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். கவலைப்பட வேண்டியது அச்சு மங்கலான பெட்டியைப் பார்த்து. "ஒரிஜினல்தான் சார், எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு கடையில் நீட்டியது அந்த ரகம்தான். வாங்காமல் வந்தாச்சு.

பிரெஸ் வேலைக்கு லேத் பட்டறையில் இரண்டு கப் கடைந்துகொள்ளுங்கள். ஒன்று புஷ்ஷின் வெளி வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும். நடுக் குழாயை அழுத்தினால் உள்ளே ரப்பர் அங்கேயே கிழிந்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது. இன்னொன்று ஆர்மின் கண்ணைக் கீழிருந்து தாங்குவதற்கு. தகடு ஆர்ம் என்றால் இரண்டு தகட்டுக்கும் இடையில் முட்டுக் கொடுக்காமல் அழுத்தக் கூடாது, கண் நெளிந்துவிடும். பழைய புஷ் அசையவே இல்லையென்றால் ரப்பரைத் துளை போட்டு எடுத்துவிட்டு, வளையத்தை ஹேக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்தால் இளகும். பிளேடு கண்ணைக் கீறக் கூடாது. புதியதை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும், இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதும். இடைவெளி உள்ள புஷ்ஷே திரும்பப் போடுகிறவர்கள் கழற்றும் முன் திசையை மார்க் செய்யுங்கள்.

இனி இந்த வேலையிலேயே அதிகம் பேர் கோட்டைவிடும் இடம்: போல்டை எந்த உயரத்தில் இறுக்குவது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போதே எல்லாவற்றையும் முறுக்கி அனுப்புவதுதான் பெரும்பாலான பட்டறை வழக்கம். ரப்பர் புஷ் சுழலும் பேரிங் இல்லை. இறுக்கிய நிலையை அது "நேர்" என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து முறுக்கிக்கொள்ளும். சக்கரம் 9 செ.மீ. தொங்கும் நிலையில் 35 செ.மீ. நீள ஆர்மை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் கிட்டத்தட்ட 15 டிகிரி முறுக்கியபடியே நிற்கும். வண்டி சும்மா நிற்கும்போதே இந்த நிலை. அதற்கு மேல் ஒரு வேகத்தடை ஏறினால் கிழியாமல் என்ன செய்யும்? ஆறு மாதத்தில் புஷ் போய்விட்டது என்று பார்ட்ஸ் கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பாதி இந்தக் கதைதான்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வண்டியில் பின் புஷ்ஷின் போல்ட் செங்குத்தாகப் போகிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது அந்த புஷ் சாயுமே தவிர, போல்டைச் சுற்றி முறுக்கிக்கொள்ளாது. அதனால் அதை எந்த உயரத்தில் இறுக்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உயரம் பார்க்க வேண்டியது அதே ஆர்மின் முன் புஷ்ஷில் படுக்கைவாட்டில் போகும் போல்டுக்கும், பின் சக்கரத்தைப் பிடிக்கும் மல்டிலிங்க் (பல ஆர்ம் கொண்ட அமைப்பு) ஆர்ம்கள் எல்லாவற்றுக்கும். இதைப் பிரித்துச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வேலை தொடங்கும் முன், வண்டி சமதரையில் நிற்கும்போது, நாலு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். ஜாக்கை ஆர்மின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் பக்கம் கொடுத்து அந்த அளவு வரும்வரை தூக்கி இறுக்குவது ஒரு வழி. ஆனால் அளவு வருவதற்குள் பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும், அப்போது அடியில் தலை இருக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது வேறு வழி. லிஃப்டில் புதிய போல்டை முதல் கட்ட டார்க் வரை மட்டும் பிடித்து, அலைன்மென்ட் ராம்ப்புக்குக் கொண்டுபோய், சக்கரம் நான்கும் தரையில் இருக்க, முன்னும் பின்னும் நாலு தடவை பாடியை அழுத்திவிட்டு, தளர்த்தி, மீண்டும் 70 நியூட்டன் மீட்டர் பிடித்து, பிறகு மேனுவல் சொல்லும் கோணத்துக்குத் திருப்புவது. கோணம் வைத்து இறுக்கும் போல்ட் நீண்டுவிடும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. தளர்த்துவதை முதல் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது அதனால்தான். பழைய பாணி சர்வீஸ் குழி இருக்கும் பட்டறை என்றால் இன்னும் வசதி.

ஷாக் மாற்றும்போது ஹப்பின் கவ்வியை விரிக்க உளியை அடிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 3424 என்ற ஸ்ப்ரெடர் கருவி அதற்கென்றே இருக்கிறது. கிடைக்காவிட்டால் 8 மி.மீ. ஆலன் பிட்டை இரண்டு பக்கமும் 5.5 மி.மீ. தடிமனுக்கு கிரைண்டரில் தேய்த்து, இடுக்கில் விட்டு 90 டிகிரி திருப்பினால் போதும்.

லோயரிங் ஸ்பிரிங் ஏன் வேண்டாம்? ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபர்சன் முன்பக்கத்தைத் தாழ்த்தினால் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். ரோல் சென்டர் (வளைவில் பாடி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) வண்டியின் ஈர்ப்பு மையத்தை விட வேகமாக இறங்கும், சாய்க்கும் நெம்புகோல் நீளும். ஸ்பிரிங் இறுகியும் பாடி ரோல் நினைத்த அளவுக்குக் குறையாததற்கு இதுதான் காரணம். கூடவே சஸ்பென்ஷன் முழுக்க அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டு ஓடும்.

அலைன்மென்டில் பின்பக்கம் முதலில் மேல் லிங்க்கின் எக்சென்ட்ரிக் போல்டில் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம், பிறகு கீழ் ஆர்மில் டோ. பின்னால் கொஞ்சம் டோ-இன் (சக்கரம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) இருக்கட்டும், நீள வண்டிக்கு நெடுஞ்சாலையில் அது தேவை. முன்பக்கக் கேம்பர் அரை டிகிரி சுமார். ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சப்ஃப்ரேமை நகர்த்தி இடம் வலம் சமன் செய்யலாமே தவிர மொத்தத்தைக் கூட்ட முடியாது. முடித்ததும் விசிடிஎஸ்ஸில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் சாஃப்ட்வேர்) ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஜீரோ செய்ய மறக்க வேண்டாம்.

டயர் தோள்பட்டையில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டிப் பார்த்ததில் முன் டயர் இன்னும் சற்று மடங்குகிறது. அடுத்தது பின்பக்க ஸ்டெபிலைசர் பார், அதாவது பாடி சாய்வதைத் தடுக்கும் குறுக்குக் கம்பி. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 20 மி.மீ.யிலிருந்து 22 என்றால் ஒன்றரை மடங்குக்குப் பக்கம், 24 என்றால் இரண்டு மடங்குக்கு மேல். மழைக்காலத்தில் மலைப்பாதையில் நடுவளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றக் கூடாது என்பதால் 22, அட்ஜஸ்ட் ஓட்டை இருந்தால் மிருதுவான ஓட்டை. பின் சப்ஃப்ரேமைக் கொஞ்சம் இறக்காமல் பார் உள்ளே போகாது. சப்ஃப்ரேம் போல்ட் செட்டும் பாரின் முனையை இணைக்கும் டிராப் லிங்க்கும் ஆர்டர் போட்டாச்சு, பார் இன்னும் வரவில்லை.