நேர்ச் சாலைதான் கஷ்டம்

அரசுப் பேருந்து டிரைவர் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது மலைப்பாதையைப் பற்றித்தான். "திம்பம் ஓட்டியிருக்கீங்களா? பயமா இருக்காதா?" சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில், பண்ணாரி தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகள். பல வருடம் அதில் ஏறி இறங்கியிருக்கிறேன். கவனத்தைப் பொறுத்தவரை அது சுலபமான சாலை என்பேன். வளைவுக்குள் நுழையும் முன்பே தலையைத் தூக்கி மேலே எந்த வண்டி இறங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்றாலும், பாரம் ஏற்றிய பெரிய லாரி திரும்பும்போது முழுச் சாலையும் அதற்கே சரியாகிவிடும். மேலே காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்கும். கண், காது, கை, கால் எல்லாவற்றுக்கும் வேலை இருப்பதால் வேறு நினைப்புக்கே இடமில்லை.

கஷ்டம் என்னவென்று எனக்குப் புரிந்தது சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில், இரவு டூட்டியில்தான். நல்ல ரோடு, நேரான ரோடு. கியர் மாற்ற வேண்டியதில்லை, பயணிகள் தூங்கிவிடுவார்கள். கண் திறந்திருக்கும், மனசு மட்டும் எங்கேயோ போயிருக்கும். அந்தச் சாலையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வாழப்பாடி, ஆத்தூர் போன்ற ஊர்களின் பைபாஸில் நாலு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கும். நடுவில் தடுப்பு கிடையாது, எதிர் வண்டியின் ஹெட்லைட் நேராக முகத்தில் அடிக்கும். அதுவரை சும்மா வந்த டிரைவர் அந்த இடத்தில் நொடியில் விழித்துக்கொள்ள வேண்டும். அது எல்லாருக்கும் எல்லா நாளும் முடியாது.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க மூன்று நொடி ஆகும். அதற்குள் 66 மீட்டர் போயிருக்கும், அதாவது ஐந்து பஸ் நீளத்துக்கும் மேல். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு பின்லைட் இல்லாமல் போகும் டிராக்டர் அந்த இடைவெளியில்தான் இருக்கும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது சரிதான். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு பேசினால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் இருப்பவர் எதிரே லாரி வந்தால் தானாகப் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது, அவர் பதிலுக்குக் காத்திருப்பார். வண்டி எடுத்ததும் என் போன் அணைந்துவிடும். அவசரம் என்றால் வீட்டில் கண்டக்டர் நம்பருக்குக் கூப்பிடுவார்கள், டீ குடிக்க நிறுத்தும்போது அவர் சொல்வார்.

போனை அணைப்பது சின்ன வேலை. மகள் ஃபீஸ், அம்மாவின் ஆபரேஷன், கிளம்பும் முன் வீட்டில் நடந்த வாக்குவாதம் எல்லாம் கூடவே வண்டியில் ஏறிவிடும். 'நினைக்காதே' என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, அப்போதுதான் அதிகமாக நினைப்பு வரும். அதனால் கண்ணுக்கு வேலை கொடுப்பேன். தூரத்துச் சாலை, இடது மிரர், மீட்டர், வலது மிரர், மறுபடி தூரம். பார்த்ததை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்: "முன்னால டேங்கர், இடது ஓரம் டூவீலர் ரெண்டு, மீடியன்ல ஆள் நிக்கிறார்." பார்க்காமல் சொல்ல முடியாது, சொல்ல வேண்டும் என்றால் பார்த்தாக வேண்டும். இரவில் தனியாக ஓட்டும்போது எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

கண்டக்டர் நல்லவராக அமைவது பெரிய கொடுப்பினை. என்னோடு வந்த ஒருவர் தலைவாசல் ஊரைத் தாண்டும்வரை கண் மூட மாட்டார். பைபாஸ் நெருங்கினால் முன்னால் வந்து, "அண்ணா, ஆத்தூர் வருதுங்க" என்பார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சொல்வார், நானும் "சரிப்பா" என்பேன். அப்புறம் ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டார்.

முன் சீட்டில் உட்கார்ந்து வருபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிரைவர் போனை எடுத்தால் வீடியோ எடுத்து அப்புறம் ஊருக்குக் காட்டுவதைவிட, உடனே கண்டக்டரிடம் சொல்லுங்கள். டிரைவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை.