மங்கு அல்லாத கருமையும் ஒரு பேட்ச் டெஸ்ட் அலைச்சலும்

நெற்றியின் இரு ஓரங்களில் தொடங்கி, காதோரம் வழியாகக் கழுத்துக்கு இறங்கிய சாம்பல் கலந்த கருமையை, முதலில் பார்த்த கிளினிக்கில் மங்கு என்று முடிவு கட்டி, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். தலைக்கு என்ன தடவுகிறேன், நெற்றிக்கு என்ன வைக்கிறேன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தடவிய வரையில் சற்று வெளுத்தது. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்து, கருமை முன்னைவிட அழுத்தமாகத் திரும்பியது. இத்தகைய க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்தும், தெருமுனை மருந்துக் கடையில் பெயரைச் சொன்னால் இன்றும் எடுத்து நீட்டுகிறார்கள்.

அடுத்து ஒரு பெரிய மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் பார்த்த மருத்துவர், முகத்தைவிட மற்ற இடங்களைத்தான் நெடுநேரம் பார்த்தார். கழுத்தும் அக்குளும் வெல்வெட்டுப் போலத் தடித்துக் கறுத்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லையா என்று பார்க்க வேண்டும். விரல் முட்டிகள் கறுத்தால் பி12 குறைவாக இருக்கலாம். உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் புதிதாகக் கறுத்தால் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதினார். அவற்றில் அட்ரீனல் சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசால் மட்டும் காலை எட்டு மணியளவில் எடுக்க வேண்டியது. ஆய்வகத்தில் அதைச் சொல்லாமல், பதினொன்றரை மணிக்கு ரத்தத்தை எடுத்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மருத்துவர் திருப்பி அனுப்பியதால், மீண்டும் பணம், மீண்டும் ஊசி. முடிவு எல்லாம் சரியாகவே இருந்தது.

உண்மையான அலைச்சல், அடுத்து ஒவ்வாமையா என்று பார்க்க எழுதிய பேட்ச் டெஸ்ட்டில்தான். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சிறு அலுமினிய வில்லைகளில் வைத்து, முதுகில் வரிசையாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. கத்திரி வெயிலில், சென்னையில்! தேதி கொடுக்கும் கவுண்டரில் இருந்தவர் வெள்ளிக்கிழமை என்று எழுதினார். “அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அல்லவா வர வேண்டியிருக்கும்?” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவாங்க மேடம், நீங்க வாங்க” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். ஞாயிறன்று போனால் புற நோயாளிப் பிரிவு பூட்டிக் கிடந்தது. காவலாளிதான் பரிதாபப்பட்டு உட்காரச் சொன்னார். திங்களன்று பார்த்தபோது, வியர்வையில் கீழ் வரிசை முழுவதும் கழன்று தொங்கியது. பேனாக் குறிகளும் அழிந்திருந்தன. எந்த இடத்தில் எந்தப் பொருள் இருந்தது என்றே தெரியாததால் சோதனை செல்லாது என்றார்கள். பிளாஸ்திரி பட்ட புண் ஆறும் வரை காத்திருந்துதான் மறுபடி ஒட்ட முடிந்தது.

ஆகவே போகிறவர்கள் திங்கட்கிழமைதான் கேளுங்கள். புதன், வெள்ளி என்று பார்க்க வரும் தேதிகளையும் அப்போதே சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டாம் முறை நான் அவற்றை எழுதித் தரும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது ஒவ்வாமையை மறைத்துவிடும். வீட்டில் பயன்படுத்தும் டை, குங்குமம், க்ரீம் ஆகியவற்றை உறையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து தடித்து, பொடிப்பொடிக் கொப்புளங்களோடு நின்றது. பாரா ஃபினைலின் டையமின்: தலைமுடிச் சாயத்தில் கருமை தரும் பொருள். ரீல் மெலனோசிஸ் என்றார் மருத்துவர். வியன்னாவில் குஸ்டாவ் ரீல் 1917-இல் விவரித்தது. ஒவ்வாமையால் மேல்தோலின் அடி அடுக்கு சிதைந்து, அங்கிருக்கும் நிறமி கீழ்த்தோலுக்குள் விழுந்து தங்கிவிடுகிறது. அதனால்தான் மேலே தடவும் க்ரீம்களுக்கு அது எளிதில் மசிவதில்லை. குங்குமத்தில் கலக்கும் செயற்கைச் சாயங்களாலும் நெற்றியில் இதே கருமை வருவதுண்டாம்.

நான் வாங்கிக்கொண்டிருந்தது ‘மருதாணிப் பொடி’. உறையின் முன்பக்கம் ‘அம்மோனியா இல்லாதது’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம், கண்ணாடி போட்டும் தடுமாறும் பொடி எழுத்தில் இந்தப் பெயர். அம்மோனியா இல்லை என்பதற்கும் இது இல்லை என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. அரைத்த மருதாணி சிவப்பைத்தான் தரும். கன்னங்கரேலென்று கறுக்கவைக்கும் பொடி எதுவானாலும் சந்தேகப்படலாம்.

டையை நிறுத்தி, வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் போட்டு வருகிறேன். நெற்றி தெளிந்து வருகிறது, கழுத்து இன்னும் இல்லை. மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வாமைப் பொருளின் பெயரை எழுதிய அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். பென்சோகேயின் என்ற மரத்துப்போகும் மருந்தும் சில சல்ஃபா மருந்துகளும் இதே ஒவ்வாமையைக் கிளறக்கூடும் என்பதால், பல் மருத்துவரிடமும் அதை முதலில் காட்டச் சொன்னார்கள்.