வாக்கு பாபநாசத்தில், வாடகை டார்ட்முண்டில்

என் மனைவி ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டாள். நான் இன்னும் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். தகுதி இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 27-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, எட்டு வருடம் இருந்திருக்க வேண்டும் என்பது ஐந்தாகிவிட்டது. அன்றாடம் பேசிச் சமாளிக்கும் பி1 அளவுக்கு ஜெர்மன், 33 கேள்விக்கு 17 சரியாக எழுதினால் தேறிவிடும் ஒரு பரீட்சை, 255 யூரோ கட்டணம். பரீட்சையை இருவரும் சேர்ந்தேதான் எழுதினோம். அவளுடைய சான்றிதழ் விண்ணப்பத்தோடு போய்விட்டது. என்னுடையது அலமாரியில் கிடக்கிறது.

இதே சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கும் சம்மதம் சொல்லிவிட்டது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைத் துருக்கிக்காரர் அந்த வாரம் பக்லாவா டப்பாவோடு வந்தார், இனி எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜெர்மனி சரி என்றாலும் இந்தியா ஒப்பாது. 1955-ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையை நாமாக வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். பதிலுக்கு, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையை வாங்கிக்கொள்ளலாம். விசா தொல்லை இல்லை, ஆனால் ஓட்டு கிடையாது.

"நெலமெல்லாம் கையவிட்டுப் போயிடுமாமேடா" என்று அம்மா பயந்தாள். யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். புதிதாக வயல் வாங்கத்தான் முடியாது, அப்பா வழியில் வருவது வரும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியனாலும் வயல் வாங்க முடியாது என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. அது வேறு வம்பு.

எங்கள் தெருவிலிருந்து டிராமில் நாலு நிறுத்தம் தள்ளி ஒரு தமிழ்க் கடை. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் நடத்துகிறார். வல்லாரை, முருங்கைக்காய், வறுத்த சிவப்பரிசி மா எல்லாம் அங்கேதான். நான் தஞ்சாவூர்ப் பக்கம், பாபநாசம். புட்டு என்றால் ஊரில் எப்போதாவது ஒருநாள் சமாச்சாரம். இங்கே வந்துதான் அது வாராந்திரச் சாப்பாடாயிற்று. சம்பலுக்குத் தேங்காய்ப்பூவையும் செத்தல் மிளகாயையும் எப்படிச் சேர்த்து இடிக்க வேண்டும், மிக்ஸியில் ஏன் போடக்கூடாது என்றெல்லாம் அண்ணன் கல்லாவில் நின்றபடியே என் மனைவிக்கு வகுப்பெடுத்தார். பின்னால் வரிசையில் நின்ற ஆப்பிரிக்கப் பெண்மணியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை என் மகள் போகும் தமிழ் வகுப்பும் ஈழத்தவர்கள் நடத்துவதுதான். விளைவு, போனில் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "ஏண்டா, கொழந்த சிலோன் ரேடியோ மாதிரி பேசுது!" திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஹாம் கோயிலுக்கும் அண்ணன்தான் முதலில் அழைத்துப் போனார். ஹாம் நகரத்து ஊண்ட்ராப் பகுதியில், தொழிற்பேட்டைக்கு நடுவில் காமாட்சி அம்பாள். 2002-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். கோடையில் தேர் வரும்போது அந்தத் தெருவே மாறிப்போகும். லாரிகள் திரும்பும் சாலையில் வெறுங்காலோடு காவடிகள், அடித்து நொறுக்கிய தேங்காய் ஓடுகள், ஓரத்தில் கைகட்டி நிற்கும் போலீஸ். தீர்த்தவாரி பக்கத்துக் கால்வாயில்தான், சரக்குப் படகுகள் போகுமே, அதே கால்வாய். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குத் தேர் ஒன்றும் புதிதில்லை. ஊரில் இருந்தவரை நான் ஒரு வடத்தையும் தொட்டதில்லை. இங்கே அண்ணன் "பிடியுங்கோ தம்பி" என்றதும் பிடித்தேன்.

திரும்பி வரும்போது காரில்தான் குடியுரிமைப் பேச்சு வந்தது. அவர் 1984-ல் வந்தவர். அப்போது பலர் வந்த வழிதான்: கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் பிடித்து மேற்கு பெர்லினுக்குப் போய்விடுவது. இரண்டு பெர்லினையும் பிரித்த கோடு ஒரு எல்லை என்றே மேற்கு ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டு பார்க்க ஆள் நிற்காது. அதன்பிறகுதான் பாடு. தஞ்ச வழக்கு முடியும்வரை விடுதியில் ஒரு கட்டில், கையில் அடிக்கடி நீட்டித்துத் தரும் ஒரு தாள், பக்கத்து ஊருக்குப் போவதானாலும் அனுமதி. ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்த அன்று கடையை மூடிவிட்டுப் படுத்துத் தூங்கினாராம்.

நான் என் தயக்கத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

"தம்பி, உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கு. அதாலதான் இவ்வளவு யோசிக்கிறியள். எனக்கு அந்தப் பிரச்சினை இருக்கேல்லை."

குத்திச் சொல்லவில்லை. விலை சொல்கிற தொனியில்தான் சொன்னார். ஆனால் அதன்பிறகு "ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை" என்று வாய் நிறையச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, எந்த வருடமும் போய்வரக்கூடிய ஊரை நான் எங்கே இழந்தேன்? புலம்பெயர்ந்தவன் என்ற சொல்லை அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் எடுத்துப் போர்த்திக்கொள்வது சரியில்லை. நான் வேலைக்கு வந்தவன்.

சரி, அப்படியானால் எதற்காக இழுக்கிறேன்? யோசித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஓட்டு ஒன்றுதான். இதை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, கேள்விதான் கேட்டாள்: "2024 ஏப்ரல் 19 அன்னிக்கு நீ எங்க இருந்த?" தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்த நாள் அது. நான் டார்ட்முண்டில், ஒரு மீட்டிங்கில் இருந்தேன். வெளிநாட்டிலிருக்கும் இந்தியர் 6ஏ படிவம் கொடுத்து வாக்காளராகப் பதியலாம். ஆனால் தபாலிலோ தூதரகத்திலோ போட முடியாது, சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரில் போய் நிற்க வேண்டும்.

"அடுத்த தேர்தலுக்குப் போய்ப் போட்டுட்டு வா. போகலேன்னா மறுவாரமே இங்க நகராட்சி ஆபீஸ்ல ஜெர்மன் குடியுரிமை பாரத்தைக் குடு" என்றாள். நியாயமான ஒப்பந்தம். 6ஏ படிவத்தை அன்று இரவே பூர்த்தி செய்தேன். இனி தேர்தல் தேதி அறிவித்த பிறகு விமான டிக்கெட் என்ன விலைக்கு ஏறுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது என் தேசப்பற்று.